தாக்கும் காப்பும்: அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளிலே உதைபந்தாட்டம் என்னும் பெயரால் வழங்கும் ஆட்டத்திற் பந்து காலால் உதைக்கப்படுவது மிக அரிது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும், கையால் எறிதலும், ஓடுவோனைப் பற்றி வீழ்த்துதலுமே அதன் தொழில்கள். நம்மவர் ஆடும் உதைபந்தாட்டத்தினும் றக்பி ஆட்டமே அதற்கு நெருங்கிய உறவினது. பெயர்ப் பொருத்தம் ஒருபுறமிருக்க, அதன் அமைப்பிலே பிற குழு ஆட்டங்களில் இத்துணைத் தெளிவாகக் காணப்படாத ஒரு பிரிவினை உண்டு. தாக்குவோர் வேறு, காப்போர் வேறு. பந்து தம் வசம் இருக்குங்காற் பதினொருவர் களம் புகுவர். அது எதிரணியாரிடம் சென்றதும் அப்பதினொருவரும் வெளியேற, காத்தற்கென்றே பயின்ற வேறு பதினொருவர் வருவர். இரு பிரிவினர்க்கும் தனித்தனிப் பயிற்றுநர் உளர். ஒரே நிற உடை அணிந்து, ஒரே கல்லூரியின் பெயரைத் தாங்கி ஆடும் இவ்விரு கூட்டத்தாரும் பருவம் முழுவதிலும் ஒரு முறையேனும் களத்தில் ஒருங்கு நில்லாமலே ஆடி முடித்தல் கூடும்.

இவ்விரண்டனுள் எது பெரிது என்னும் வினா அந்நாட்டில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. காப்பு வலியுடைய குழுவே ஈற்றில் வாகை சூடும் என்பது பயிற்றுநர் பலர் போற்றிய கொள்கை. புள்ளிகளைக் குவிக்கும் குழுவையே மக்கள் திரண்டு வந்து காண்பர் என்பது நுழைவுச்சீட்டு விற்போர் கண்ட உண்மை. இவ்விரு கூற்றுகளும் தாக்கையும் காப்பையும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுகளாகக் கருதி எழுந்தவை. அவ்வுவமை பொருந்தாது என்பதே எமது துணிபு. ஒரு தட்டில் இட்ட பொருள் மற்றைத் தட்டிலுள்ள பொருளின் நிறையை மாற்றுவதில்லை. இவ்வாட்டத்திலோ, தாக்குவோர் செய்யும் ஒவ்வொரு செயலும் தம் அணியின் காப்போருடைய வலியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது.

இதனை விளங்கிக்கொள்ள விதிகளுட் சிலவற்றை அறிதல் வேண்டும். களத்தின் நீளம் 100 யார். அகலம் 160 அடி. பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அவற்றினுள் 10 யார் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து எதிரணிக்கு உரியதாகும். ஆதலின், மூன்று முயற்சிகள் பயனின்றிக் கழிந்தவிடத்து, நான்காவதிற் பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியாரைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பாற் பந்தைக் கொண்டு சென்றால் 6 புள்ளிகள். கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள்.

அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம் எனக் கொள்ளப்படுவது, 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜேர்சி மாநிலத்தில் றட்கேர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்ரன் கல்லூரியும் பக்கத்துக்கு 25 பேராக நின்று ஆடியது. றட்கேர்ஸ் 6–4 என வென்றது. பந்தை ஏந்தி ஓடுதல் அன்று இல்லை. 1874இல் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தார் ஹாவாட் சென்று தம் முறைப்படி ஆடிக் காட்டிய பின்னரே றக்பியின் வழி பரவிற்று. அதனை மாற்றி இன்றைய ஆட்டத்துக்கு அடிகோலியவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ரர் காம்ப் என்பவர். றக்பி ஆட்டத்தில் இரு சாராரும் நெருக்கி நின்று பந்துக்காகப் போராடுவர். காம்ப் முயற்சியால் 1880இல் எழுந்த விதியோ பந்தை ஓர் அணிக்கே உரியதாக்கி, மற்றை அணியைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்திற்று. தாக்கு, காப்பு என்னும் பாகுபாடு பிறந்தது இவ்விதியினாலேயாம்.

பிறந்த மறு ஆண்டிலேயே அப்பாகுபாட்டின் சிக்கலும் வெளிப்பட்டது. 1881இல் யேலும் பிரின்ஸ்ரனும் மோதியபோது, ஒரு பாதி முழுவதும் ஓர் அணியும், மறு பாதி முழுவதும் மற்றை அணியும் பந்தை விடாது வைத்திருந்தன. எவரும் புள்ளி பெற்றிலர். பந்தைக் கைவிடாதிருத்தலே காப்புகளுட் சிறந்த காப்பு என்பதை அம்மாணாக்கர் கண்டுகொண்டனர் போலும். காண வந்தோர்க்கோ அது பெருஞ் சலிப்பாயிற்று. அதற்கு மாற்றாகவே, மூன்று முயற்சிகளில் 5 யார் முன்னேறாவிடிற் பந்தை இழக்க வேண்டும் என்னும் விதி 1882இல் வந்தது.

அவ்விதி ஒரு நோயைத் தீர்த்து மற்றொன்றை வளர்த்தது. 5 யார் என்பது சிறிய தூரம். நெருங்கித் திரண்டு ஒரே இடத்தில் மோதினால் அதனை எளிதிற் பெறலாம். 1892இல் ஹாவாட் மாணாக்கர் யேலுக்கு எதிராக ஆப்பு வடிவிலே திரண்டு ஓடிவந்து மோதும் வியூகம் ஒன்றை மேற்கொண்டனர். அதனை வகுத்த லோரின் டிலாண்ட் என்பவர் இவ்வாட்டத்தை ஒருபோதும் ஆடியறியாதவர். சதுரங்கத்திலும் போர்க்கலை நூல்களிலும் ஈடுபாடுடையவர். சதுரங்கக் காய்களுக்கு எலும்பு முறிவதில்லை. அவ்வியூகம் 1894இல் விலக்கப்பட்டது. ஆயினும் திரண்டு மோதும் வழக்கம் வேறு வடிவங்களில் நிலைத்தது. தாக்குவோர் நடுவிலே குவிந்தமையாற் காப்போரும் நடுவிலே குவிந்தனர். குவிந்தோர் குவிந்தோர்மீது வீழ்ந்தனர். 1905ஆம் ஆண்டுப் பருவத்திற் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இவ்வாட்டத்தால் உயிரிழந்த இளைஞர் தொகை 18க்குக் குறையாது. அவ்வாண்டு ஒக்டோபரில் நாட்டின் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ற் தாமே ஹாவாட், யேல், பிரின்ஸ்ரன் ஆகியவற்றின் ஆட்டப் பொறுப்பாளரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆட்டத்தையே ஒழித்துவிடல் வேண்டும் என்னும் குரலும் கல்விமான்களிடையே வலுத்தது.

1906இல் விதிகள் திருத்தப்பட்டன. முன்னேற வேண்டிய தூரம் 10 யார் ஆயிற்று. இரு சாராரும் நிற்கும் கோடுகளுக்கு நடுவே வெற்றிடம் விடப்பட்டது. பந்தை முன்னோக்கி எறிதலும் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முன்னோக்கி எறிதலை இன்று தாக்குவோர்க்கு வாய்த்த பேறாகவே அனைவரும் கருதுகின்றனர். அதனை அனுமதித்தோர் கருதியதோ காப்போரைக் களமெங்கும் பரந்து நிற்கச் செய்தலையே. பரந்து நின்றாலன்றி நெரிசல் தீராது. நெரிசல் தீர்ந்தாலன்றி உயிர்ச்சேதம் நீங்காது. தாக்குக்கும் காப்புக்கும் உள்ள சமநிலை, காண்போர் இன்பம் பற்றிய வினாவாக மட்டும் அமையாமல், மாணாக்கர் உடல்நலம் பற்றிய வினாவாகவும் அமைந்தது அன்றுதொட்டேயாம்.

புதிய உரிமையைப் பயிற்றுநர் உடனே கையாண்டாரல்லர். எறிந்த பந்து எவர் கையிலும் படாது நிலத்தில் வீழ்ந்தால் எதிரணிக்கே சென்றுவிடும் என்னும் கடுமை தொடக்கத்தில் இருந்தது. 1912இல் நான்காவது முயற்சி சேர்க்கப்பட்டது; எறியும் தூரத்துக்கு இருந்த வரம்பும் நீங்கிற்று. அடுத்த ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், அதிகம் அறியப்படாதிருந்த நொற்றடேம் மாணாக்கர் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியை 35–13 என வென்றனர். கஸ் டொறே எறிய நூட் றொக்னி ஓடிப் பற்றிய பந்துகளே அவ்வெற்றிக்குக் காரணம். காப்போர் நடுவிலே குவிந்து நிற்றல் அதன்பின் அறிவுடைமை ஆகாதாயிற்று.

அக்காலத்திலெல்லாம் தாக்கியவரே காத்தனர் என்பதை மறத்தலாகாது. வெளியேறியவர் மீண்டும் புகுவதற்கு விதிகள் எளிதில் இடந்தரவில்லை. மதிலை வளைத்தலையும் அதனைக் காத்தலையும் தொல்காப்பியர் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை காத்தலை நொச்சி எனத் தனித்திணை ஆக்கிற்று. இவ்வாட்டத்தின் வரலாறும் அத்தகையதே. 1941இல் ஆடுவோரை மாற்றும் விதி தளர்த்தப்பட்டது. 1945இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பிறிற்ஸ் கிறைஸ்லர், வலிமை மிக்க இராணுவக் கல்லூரிக்கு எதிராகத் தம் இளம் மாணாக்கரைத் தாக்குவோர், காப்போர் என இரு கூறாக்கி இறக்கினார். ஆட்டத்தில் அவர் 28–7 எனத் தோற்றார். ஆயினும் முறை வென்றது. சில ஆண்டுகளிற் பெரிய பல்கலைக்கழகங்கள் யாவும் அதனைப் பின்பற்றின.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. இரு கூறாக்கினால் ஆடுவோர் தொகை பெருகும், செலவு பெருகும், சிறிய கல்லூரிகள் ஈடுகொடா என்பது ஒரு வாதம். மற்றொன்று கல்வி பற்றியது. ஒரு மாணாக்கன் தாக்கவும் காக்கவும், ஓடவும் தடுக்கவும், தன் பிழையின் விளைவைத் தானே களத்தில் நின்று தாங்கவும் கற்றலே ஆட்டத்தின் பயன். ஒரே தொழிலை ஓயாது செய்யும் வினைஞனை உருவாக்குதல் கல்லூரியின் தொழிலன்று என்பது அவ்வாதத்தின் சாரம். 1953இற் பழைய முறை மீட்கப்பட்டது. ஆயினும் பயிற்றுநர் வழி கண்டனர். லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்துப் போல் டீற்சல் 1958இல் தம் மாணாக்கரை மூன்று கூறாக்கினார். சிறந்தோர் இரு தொழிலும் செய்தனர். ஏனையோருள் ஒரு கூட்டம் தாக்குதற்கும், மற்றொரு கூட்டம் காத்தற்கும் பயின்றது. காப்பதற்கென அமைந்த கூட்டத்துக்குச் சித்திரக்கதை ஒன்றிலிருந்து ‘சீனக் கொள்ளையர்’ என்னும் பெயர் வாய்த்தது. தனித்தனியே நோக்கிற் பெருந்திறன் அற்ற அவ்விளைஞர், காத்தல் ஒன்றையே பயின்றமையாற் கூட்டமாக வலிமை பெற்றனர். அக்குழு அவ்வாண்டு தோல்வியின்றித் தேசிய வாகை சூடியது. 1964இல் விதி மீண்டும் தளர்ந்து, 1965இல் ஆடுவோரை வரம்பின்றி மாற்றும் உரிமை வந்தது. கல்வி பற்றிய வாதம் தோற்றது விடை கண்டதனாலன்று. வெற்றியில் வேட்கை மிகுந்தமையாலேயாம் என்று யாம் கருதுகின்றோம்.

தொழில் பிரிந்தபின் நுட்பம் வளர்ந்தது. அந்நுட்பத்தின் அடிப்படை ஓர் எளிய கணக்கு. தாக்கும் பதினொருவருட் பந்தைப் பெற்றுக் கொடுப்பவனாகிய குவாட்டர்பக்கும், அதனை ஏந்தி ஓடுபவனும் எதிரிகளைத் தடுப்பதில்லை. எஞ்சிய ஒன்பதின்மரே தடுப்பர். காப்போர் பதினொருவராதலின் அவர் பக்கத்தில் எப்போதும் இருவர் மிகை. இம்மிகையை அழித்தல் எங்ஙனம்? காப்போருள் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காது விடுதல் வேண்டும். குவாட்டர்பக் அவனையே உற்று நோக்குவான். அவன் ஓடுபவனை நோக்கிப் பாய்ந்தாற் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவான். தன்னை நோக்கி நின்றால் ஓடுபவனிடம் கொடுத்துவிடுவான். தடுக்கப்படாதவன் எதனைத் தெரிந்தாலும் அது பிழையாகின்றது. கை தொடாமலே ஒருவன் நீக்கப்பட்டான். எஞ்சிய மற்றொருவனோ எறிபந்துக்கு அஞ்சித் தொலைவிலே பின்னிற்பான். கணக்குச் சரியாயிற்று.

இக்கணக்கின் ஒரு வடிவத்தை 1968இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டறல் றோயலும் அவர் துணைப் பயிற்றுநர் எமறி பெலாட்டும் அமைத்தனர். குவாட்டர்பக்கின் பின்னே மூவர் நிற்க, அவன் முதல்வனிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், ஓடியவாறே மற்றொருவனுக்குப் பக்கவாட்டில் எறியலாம். முதலிரண்டு ஆட்டங்களில் வெற்றி காணாத ரெக்சாஸ் அதன்பின் தொடர்ந்து 30 ஆட்டங்களில் வென்றது. அதே முறையைக் கைக்கொண்ட ஒக்லஹோமா 1971இல் ஓட்டத்தால் மட்டும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 472 யாருக்கு மேல் முன்னேறிற்று. 1990களில் றிச் றொட்றிகேஸ் என்பார், மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கிளென்வில் என்னும் சிறு கல்லூரியிற் பயிற்றுநராயிருந்தபோது, ஆடுவோரை அகலப் பரப்பி நிறுத்தி இக்கணக்கைப் புதுமுறையிற் கையாண்டார். இன்று அதனை ஆளாத குழு அரிது.

கல்லூரி விதிகளும் தாக்குவோர்க்குச் சில வசதிகளை அளிக்கின்றன. களத்திற் பந்து வைக்கப்படும் இடத்தை வரையறுக்கும் இரு குறிவரிசைகளுக்கும் இடைப்பட்ட தூரம் கல்லூரி ஆட்டத்தில் 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் 18½ அடியே. ஆகவே, பந்து ஒரு குறியருகே வைக்கப்பட்டால் ஒருபுறம் 60 அடியும் மறுபுறம் 100 அடியும் வெளியாகக் கிடக்கும். அந்த 100 அடியைக் காத்தல் எளிதன்று. மேலும், எறிபந்து ஆட்டத்தில் முன்வரிசைத் தடுப்போர் கோட்டைத் தாண்டி 3 யார்வரை செல்லலாம். தொழில்முறையில் 1 யாரே. அவர் முன்னேறக் கண்ட காப்போர் ஓட்டம் வருகின்றது என நம்பி நெருங்குவர். பந்தோ அவர் தலைக்கு மேலே பறந்து செல்லும்.

இனி வேகத்தைப் பற்றிக் கூறல் வேண்டும். 2008இற் கடிகார விதி மாறி, ஒரு முயற்சி முடிந்த கணமே அடுத்ததற்கான 40 விநாடிகள் தொடங்கலாயின. விரைந்து ஆட விரும்பிய பயிற்றுநர்க்கு இது வாய்ப்பாயிற்று. இளைத்து நிற்கும் காப்போர் மாறி வருவதற்குமுன் அடுத்த முயற்சியைத் தொடங்கிவிடலாம். முன்னைய பயிற்றுநர் எதிரியின் வலிமையோடு பொருதனர். இவர் எதிரியின் மூச்சோடு பொருதனர். காப்போர் மாறுவதற்கு 10 விநாடி அவகாசம் அளித்தல் வேண்டும் என்னும் முன்மொழிவு 2014இல் விதிக்குழுவில் எழுந்து, பெரும் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. இளைத்த உடல் காயத்துக்கு இலக்காகும் என்றனர் ஒரு சாரார். அதற்குச் சான்று எங்கே என்றனர் மற்றையோர். விரைவை விரும்பாத பயிற்றுநரே உடல்நலத்தை முன்னிறுத்தினர் என்பதால் அவ்வாதத்தின் தூய்மையிற் பலர் ஐயுற்றனர். ஐயத்துக்கு இடமுண்டு, ஆயினும் வாதம் பொய்யென்பது அதனாற் பெறப்படாது.

விரைந்து ஆடும் குழு தன் காப்போர்க்கு என்ன செய்கின்றது? தாக்குவோர் ஒரு நிமிடத்திற் புள்ளி பெற்றாலும், ஒரு நிமிடத்தில் மூன்று முயற்சிகளையும் வீணாக்கினாலும், காப்போர் நீர் அருந்தி முடியுமுன் மீண்டும் களம் புகல் வேண்டும். 2016 ஒக்டோபர் 22ஆம் நாள் ஒக்லஹோமாவும் ரெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆடிய ஆட்டம் இதற்குச் சிறந்த காட்டு. இரு குழுவும் தனித்தனி சரியாக 854 யார் முன்னேறின. பின்னர்த் தொழில்முறையிற் பெரும்புகழ் எய்திய பற்றிக் மஹோம்ஸ் 88 முறை எறிந்து 734 யார் பெற்றார். அவர் குழு 66–59 எனத் தோற்றது. 59 புள்ளி பெற்ற தாக்குவோரைக் குறை கூறுவார் யார்? அப்பருவம் முழுவதும் அக்குழு ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 43 புள்ளிக்கு மேற் பெற்றது. அதே அளவு இழந்தது. முடிவு 5 வெற்றி, 7 தோல்வி.

இதற்கு நேர்மாறானது 2023இன் அயோவா பல்கலைக்கழகக் குழு. அது பெற்ற புள்ளி சராசரி ஏறத்தாழ 15. இழந்ததும் ஏறத்தாழ 15. சராசரியை மட்டும் நோக்குவோர்க்கு இவ்விரு குழுக்களும் ஒரே நிலையின. ஆனால் அயோவா 10 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றது. அதன் தாக்குவோர் நாட்டிலேயே மிக நலிந்தோர் எனப் பலராலும் எள்ளப்பட்டனர். எனினும் அவர் துணிந்து எதையும் செய்திலர். மூன்று முயற்சி பயன்படாவிடிற் பந்தை உதைத்து விலகினர். உதைத்தவர் ரோறி ரெய்லர் என்னும் அவுஸ்திரேலியர். அப்பருவத்தில் அவர் உதைத்த மொத்தத் தூரம் 4,479 யார். கல்லூரி ஆட்ட வரலாற்றில் ஒரு பருவத்துக்கு அதுவே உச்சம். ஒவ்வோர் உதையும் எதிரணியை நெடுந்தூரம் பின்தள்ள, அத்தூரம் முழுவதையும் கடக்கவிடாது அயோவாவின் காப்போர் பொருதனர். நலிந்த தாக்கு அங்கே காப்பின் பணியாளாக நின்றது. இதற்கும் எல்லை உண்டு. எதிரி முந்திக்கொண்டால் எட்டிப் பிடிக்கும் ஆற்றல் அக்குழுவுக்கு இல்லை. பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்திடம் 31–0, மிச்சிகனிடம் 26–0, ரெனசியிடம் 35–0 என மூன்று ஆட்டங்களில் ஒரு புள்ளியும் இன்றித் தோற்றது.

இவ்விரு கோடிகளுக்கும் இடையே தம் கொள்கையையே மாற்றிக்கொண்டவர் அலபாமாவின் பயிற்றுநர் நிக் சேபன். 2011 நவம்பர் 5ஆம் நாள் அவர் குழு லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்திடம் 9–6 எனத் தோற்றது. இரு சாராரும் ஒரு முறையேனும் எல்லையைக் கடந்திலர். 2012 ஜனவரி 9ஆம் நாள் அதே எதிரியை 21–0 என வென்று வாகை சூடினார். அவ்வாண்டு விரைவாட்டத்தைப் பற்றி, ஆட்டம் இவ்வாறு ஆதல் நமக்கு வேண்டுமா என்னும் பொருள்பட வெளிப்படையாகவே வினவியவர் அவர். வினாவுக்குக் காலம் விடை கூறிற்று. 2014இல் தாக்கு முறையைப் புதுக்குதற்கெனத் துணைப் பயிற்றுநர் ஒருவரை அமர்த்தினார். 2021 ஜனவரி 11ஆம் நாள் அதே சேபனின் அதே அலபாமா, ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்தை 52–24 என வென்றது.

காப்பின் காலம் முடிந்தது எனப் பலர் அப்போது எழுதினர். அடுத்த பருவத்திலேயே, சேபனிடம் முன்னர்க் காப்புப் பயிற்றுநராயிருந்த கேபி ஸ்மாற்றின் ஜோர்ஜியா குழு, ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 10 புள்ளிகளையே இழந்து இறுதியை எட்டிற்று. டிசம்பரில் அலபாமாவிடம் 41–24 எனத் தோற்ற அக்குழு, 2022 ஜனவரி 10ஆம் நாள் அதே அலபாமாவை 33–18 என வென்றது. 2024 ஜனவரி 8ஆம் நாள் நாட்டின் சிறந்த எறிபந்துக் குழுக்களுள் ஒன்றாகிய வாஷிங்ரனை மிச்சிகன் 13 புள்ளிகளுக்குள் அடக்கி 34–13 என வென்றது. அவ்வெற்றியிலும் மிச்சிகனின் காப்போர்க்கு இளைப்பாற நேரம் அளித்தது, பந்தை ஏந்தி நிதானமாக முன்னேறிய தாக்குவோரின் ஓட்டமே.

2023இல் விதிக்குழுவினர், ஓரணி 10 யார் முன்னேறியதும் கடிகாரத்தை நிறுத்தும் பழைய வழக்கத்தை, ஒவ்வொரு பாதியின் இறுதி இரு நிமிடங்கள் ஒழிந்த ஏனைய நேரங்களில் நீக்கினர். ஓர் ஆட்டத்தில் நிகழும் முயற்சிகளின் தொகையைக் குறைத்து, அதனால் மோதல்களையும் குறைத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. மறு ஆண்டு வாகைத் தொடர் 4 குழுக்களிலிருந்து 12 குழுக்களாக விரிந்தது. 2025 ஜனவரி 20ஆம் நாள் நொற்றடேமை 34–23 என வென்று வாகை சூடிய ஒகையோ மாணாக்கர்க்கு அஃது அப்பருவத்தின் பதினாறாவது ஆட்டம். விதிக்குழுவினர் ஒரு கையாற் குறைத்த சுமையைத் தொடரை நடத்துவோர் மறு கையால் அவர் தோள்மேல் ஏற்றியிருந்தனர்.